384 கேபி புறம்போக்கு

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தபோது, அதன் அடிப்படை மாடலில் இருந்த ராம் வெறும் 16 கேபி. உள்ளே இருந்த இன்டெல் 8088 சிப்புக்கோ முகவரிக் கம்பிகள் இருபது. இரண்டின் இருபதாம் அடுக்கு 10,48,576. அத்தனை பைட்டுகளுக்கு, அதாவது ஒரு மெகாபைட்டுக்கு, அந்தச் சிப்பால் முகவரி சொல்ல முடியும். கையில் 16 கேபி, கண்முன்னே 1024 கேபி வெட்டவெளி. ஃப்ளாரிடா மாநிலத்தின் போகா ரேட்டன் ஊரில் அந்தக் கம்ப்யூட்டரை வடிவமைத்த குழு இந்த வெளியைப் பங்கு பிரித்தது. அடியில் உள்ள 640 கேபி நிரல்களுக்கு. மேலே மிஞ்சிய 384 கேபி இயந்திரத்தின் சொந்தத் தேவைக்கு.

அந்த 384-இன் கதைதான் இது. ஒதுக்கிய இடம் என்றதும் அந்த அளவுக்கு ராம் சிப் எங்கோ இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அது வெறும் எண்வரிசை. ஒரு முகவரியைச் சிப் கூப்பிட்டால் எந்தக் கார்டாவது பதில் சொல்லலாம், அல்லது யாருமே சொல்லாமல் போகலாம். கிராமக் கணக்கில் புறம்போக்கு என்று எழுதிவைத்த நிலம் மாதிரி. பொதுத் தேவைக்கு ஒதுக்கியது, யார் பேரிலும் பட்டா கிடையாது, ஆனால் அங்கே யார் யார் குடிசை போட்டிருக்கிறார்கள் என்ற கணக்கும் எவரிடமும் இல்லை. பிறகு வந்த அத்தனை வம்புக்கும் வேர் இந்தக் கணக்கில்லாமைதான்.

640 என்ற எல்லைக்கு பில் கேட்ஸைத் திட்டுவது கம்ப்யூட்டர் உலகில் ஒரு பழைய பொழுதுபோக்கு. ஆனால் ஒதுக்கீட்டை மேலே கொண்டுபோய் வைத்ததற்குக் காரணம் சிப்பிலேயே இருந்தது. 8088-க்கு மின்சாரம் வந்ததும் அது முதல் கட்டளையைத் தேடிப் போகும் முகவரி எஃப்எஃப்எஃப்எஃப்0. ஒரு மெகாபைட்டின் உச்சியிலிருந்து பதினாறே பைட் கீழே. கரண்ட் போனாலும் அழியாத ரோம் சிப் அங்கே இருந்தே ஆகவேண்டும். குறுக்கீடுகளுக்கான அட்டவணையோ பூஜ்ய முகவரியில் தொடங்கும். நிரல்கள் அதை மாற்றி எழுதும் என்பதால் அங்கே ராம் இருந்தாக வேண்டும். கீழே ராம், மேலே ரோம் என்பது இன்டெல் ஏற்கெனவே எழுதிவிட்ட விதி. கோடு எங்கே விழவேண்டும் என்பதை மட்டும் ஐபிஎம் முடிவு செய்தது. 16 கேபி மெஷின் விற்கிற காலத்தில் 640 என்பது தாராளம்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த முகவரிகளை எழுதுவது பதினறும எண்களில். ஐந்து இலக்கத்தில் கடைசிச் சுழியை விட்டுவிட்டு நாலு இலக்கமாகச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் 640 கேபி முடிகிற இடம் ஏ000. ஏ000 முதல் பிஎஃப்எஃப்எஃப் வரை 128 கேபி திரைக்கு. சி000 முதல் இஎஃப்எஃப்எஃப் வரை 192 கேபி, பின்னால் வரப்போகும் கார்டுகளுக்கு. எஃப்000-க்கு மேல் 64 கேபி, கம்ப்யூட்டரைக் கிளப்பும் பயாஸ் நிரலுக்கும், ரோமிலேயே பதித்திருந்த பேசிக் மொழிக்கும்.

முதலில் குடியேறியது திரைதான். கறுப்பு வெள்ளை எழுத்துக் கார்டு பி000-இல் 4 கேபியும், கலர் கார்டு பி800-இல் 16 கேபியும் எடுத்துக்கொண்டன. 1983-இல் ஹார்டு டிஸ்க்குடன் வந்த எக்ஸ்டி மாடலில் டிஸ்க் கார்டின் ரோம் சி800-க்கு வந்தது. 1984-இல் இஜிஏ கார்டு, தன் ரோமை சி000-இலும் படங்களுக்கான நினைவகத்தை ஏ000-இலும் வைத்தது. 1987-இல் விஜிஏ வந்தபோது அதுவும் அதே இடங்களில் உட்கார்ந்தது.

ரோம் வைத்திருக்கும் கார்டுகள் தங்களை அறிவித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருந்தது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது பயாஸ் இந்தப் பகுதியில் 2 கேபிக்கு ஒருமுறை நின்று எட்டிப் பார்க்கும். முதல் இரண்டு பைட்டும் 55, ஏஏ என்றிருந்தால் இங்கே ஒரு ரோம் இருக்கிறது என்று பொருள். மூன்றாவது பைட் அதன் நீளத்தைச் சொல்லும். எல்லா பைட்டையும் கூட்டினால் விடையின் கடைசி பைட் சுழியாக வரவேண்டும். வந்தால் அதற்குள் நுழைந்து அதன் நிரலை ஓட்டும். எளிமையான, நல்ல ஏற்பாடு. ஆனால் அது ரோமுக்கு மட்டும். கார்டில் இருக்கும் ராமுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. அதை இயக்கும் டிரைவர் வந்து எழுப்பும்வரை அது இருப்பதே வெளியே தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நெருக்கடி தொடங்கியது. லோட்டஸ் 1-2-3 கணக்குத் தாள்கள் 640-ஐ முட்டின. 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூவரும் சேர்ந்து இஎம்எஸ் என்று ஒரு வழி கண்டார்கள். புறம்போக்கில் 64 கேபி இடம் எடுத்து, அதில் 16 கேபி அளவில் நாலு ஜன்னல்கள் வைப்பது. தனிக் கார்டில் இருக்கும் மெகாபைட் கணக்கான ராமில் தேவையான துண்டை மட்டும் அந்த ஜன்னலுக்குக் கொண்டுவந்து காட்டுவது. ஜன்னல் எங்கே என்பதைக் கார்டு வாங்கியவரே தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் டி000 அல்லது இ000. அந்த இடத்தில் வேறு கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் வாங்கியவர் பாடு.

இதுவரை சச்சரவெல்லாம் கார்டுக்கும் கார்டுக்கும்தான். குட்டி ஜம்பரைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் தீர்ந்துவிடும். சண்டையை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது 386 சிப். 1985-இல் வந்த அந்தச் சிப்பில் இரண்டு வித்தைகள் இருந்தன. 8088-இன் அண்ணனான பழைய 8086 போலவே நடித்து, அக்கால இயங்குதளமான டாஸின் நிரல்களை ஓட்டுவது ஒன்று. 4 கேபி 4 கேபியாக எந்த முகவரியையும் எந்த ராமுக்கும் திருப்பிவிடுவது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தால் புறம்போக்கில் காலியாகக் கிடக்கும் முகவரிகளுக்கு ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள ராமைப் பொருத்திவிடலாம். குவார்ட்டர்டெக் கம்பெனியின் கியூஇஎம்எம் இதைத்தான் விற்றுக் காசாக்கியது. 1990-இல் டிஆர் டாஸ் 5, 1991 ஜூனில் எம்எஸ்-டாஸ் 5 என்று இந்த வசதி எல்லார் கைக்கும் வந்தது. கிளம்பும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இஎம்எம்386 என்று ஒரு வரி. மவுஸ் டிரைவரும் சிடி ரோம் டிரைவரும் 640-ஐ விட்டு மேலே குடிபோயின. 600 கேபிக்குப் பக்கமாகக் காலியிடம் கேட்கும் கேம்கள் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒவ்வொரு கேபியாக மீட்டெடுத்ததை ஆட்கள் பெருமையாகப் பேசிக்கொண்டது இதனால்தான்.

அத்தனையும் ஒரே ஓர் ஊகத்தின் மேல் நின்றது: பதில் வராத முகவரி காலி முகவரி.

ஒரு நெட்வொர்க் கார்டை எடுத்துக்கொள்வோம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி8003. பின்னாளில் எஸ்எம்சி பெயரில் விற்ற குடும்பம். அதில் 8 கேபி ராம் உண்டு. கேபிளில் வரும் தகவல் பொட்டலங்களைக் கார்டு அதில் போட்டுவைக்கும். டிரைவர் அங்கேயிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த 8 கேபி எந்த முகவரியில் தெரியவேண்டும் என்பதை டிரைவர்தான் கார்டில் எழுதித் திறந்துவிடும். டி000 என்று வைப்போம்.

கம்ப்யூட்டர் கிளம்புகிறது. கான்ஃபிக்.சிஸ்ஸில் முதலில் ஹைமெம், அடுத்து இஎம்எம்386. அது சி000-இலிருந்து தேடிப் போகிறது. வீடியோ ரோம் 55 ஏஏ சொல்கிறது, தாண்டுகிறது. டி000-இல் படித்தால் எல்லாம் எஃப்எஃப், எஃப்எஃப் என்றே வருகிறது. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பெரும்பாலும் அதுதான் வரும். காலி என்று குறித்துக்கொண்டு அந்த முகவரியை மேலே உள்ள ராமுக்குத் திருப்பிவிடுகிறது. சற்று நேரத்தில் மவுஸ் டிரைவர் அங்கே குடியேறுகிறது. கடைசியாக, அடுத்து ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் நெட்வொர்க் டிரைவர் எழுகிறது. டி000-இல் கார்டின் ராமைத் திறந்துவிட்டு அங்கே எழுதத் தொடங்குகிறது. எழுதியது கார்டுக்குப் போகவில்லை. சிப்பின் அட்டவணைப்படி அது மேலே இருக்கும் ராமுக்குப் போகிறது, அதாவது மவுஸ் டிரைவரின் வயிற்றில். கார்டு கேபிளில் வந்ததைத் தன் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. டிரைவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

திரையில் இதில் எதுவும் தெரியாது. சர்வர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். அல்லது மவுஸைத் தொட்டதும் மெஷின் ஹேங் ஆகும். ஆட்கள் கேபிளை மாற்றுவார்கள், கார்டை மாற்றுவார்கள், சர்வர்க்காரரோடு சண்டை போடுவார்கள். கார்டைக் கழற்றி அதே கம்பெனியின் புதுக் கார்டைப் போட்டால் அதே டிரைவர், அதே டி000, அதே ஹேங். இஎம்எம்386 வரியை நீக்கினால் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதைப் பார்த்துவிட்டு இஎம்எம்386-இல்தான் கோளாறு என்று தீர்ப்பெழுதியவர்களும் உண்டு. கோளாறு அதில் இல்லை. தேடும் நேரத்தில் கார்டு கண் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மருந்து ஒரே வரி. இஎம்எம்386 வரியின் முடிவில் எக்ஸ்=டி000-டி1எஃப்எஃப் என்று சேர்ப்பது. இந்த 8 கேபி பக்கம் போகாதே என்று பொருள். ஐபிஎம்மின் டோக்கன் ரிங் கார்டாக இருந்தால் இரண்டு இடம் விலக்க வேண்டும்: சிசி00-வில் 8 கேபி, டி800-இல் 16 கேபி. மலிவான என்இ2000 வகைக் கார்டுகள் நினைவக முகவரியே கேட்காமல் போர்ட் வழியாகப் பேசியதால் இந்த வம்பில் சிக்கவில்லை. அவற்றுக்குப் போர்ட் எண்களில் வேறு தகராறு காத்திருந்தது.

எந்த இடத்தை விலக்குவது என்று தெரியாதபோது செய்யும் முறையும் எளிமையானது. முதலில் எல்லாவற்றையும் விலக்கு: எக்ஸ்=ஏ000-எஃப்எஃப்எஃப்எஃப். விண்டோஸ் 3.1-இல்தான் சிக்கல் என்றால் வின் என்று அடித்து அதன் பின்னால் /டி:எக்ஸ் சேர்த்தாலே அதே பலன். கோளாறு மறைந்தால் சண்டை இந்த 384-க்குள்தான் என்று உறுதி. மறையாவிட்டால் இங்கே மெனக்கெட வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம். பிறகு பாதியைத் திறந்துவிட்டுப் பார், அதில் பாதி, அதிலும் பாதி. நாலைந்து முறை ரீபூட் செய்தால் 16 கேபிக்குள் ஆள் அகப்பட்டுவிடுவார். எம்எஸ்-டாஸ் 6-இல் எஃப்8 பட்டனைத் தட்டினால் கான்ஃபிக்.சிஸ்ஸின் ஒவ்வொரு வரியையும் ஓட்டவா என்று கேட்டுக் கேட்டு ஓட்டும் வசதி வந்ததும் இது இன்னும் சுலபமானது. எம்எஸ்டி என்ற கருவி இந்தப் பகுதியின் வரைபடத்தையே திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும். ஆனால் அதுவும் எட்டிப் பார்த்துச் சொல்வதுதான், பத்திரம் பார்த்துச் சொல்வதல்ல.

அதே டாஸ் 6-இல் 1993-இல் வந்த மெம்மேக்கர் இந்த வேலையைத் தானே செய்து தருவதாகச் சொன்னது. அதில் மேல்நினைவகத்தை மூர்க்கமாகத் தேடவா என்று ஒரு கேள்வி இருந்தது. கேட்காமலே ஆம் என்றுதான் நிரப்பி வைத்திருப்பார்கள். இல்லை என்பதை இயல்பாக வைத்திருந்தால் எத்தனையோ அலுவலகங்களில் ஒரு நாள் வேலை மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம். சில கேபி கூடுதலாகக் கிடைத்ததைக் காட்டிப் பாராட்டு வாங்குவது எந்த விற்பனையாளருக்கும் பிடிக்கும்.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறு, இதைவிட நஞ்சு. அடாப்டெக் 1542 போன்ற, டிஸ்க்கை இயக்கும் ஸ்கஸி கார்டுகள் சிப்பைக் கேட்காமல் தாமே நேராக நினைவகத்தில் எழுதும். சிப்புக்குள் இருக்கும் முகவரி மாற்று அட்டவணை அவற்றுக்குத் தெரியாது. மேலே குடிபோன ஒரு டிரைவர், டிஸ்க்கிலிருந்து படித்ததை இன்ன முகவரியில் போடு என்று கேட்டால், கார்டு அந்த எண்ணை அப்படியே நம்பி எழுதும். அங்கே உண்மையில் ராமே இல்லை. நெட்வொர்க் கார்டாவது பேசாமல் இருக்கும். இங்கே டிஸ்க்கில் உள்ள தகவலே கெட்டுப்போகும். இதற்காகத்தான் டாஸின் டிஸ்க் கேஷ் நிரலான ஸ்மார்ட்டிரைவில் டபுள் பஃபர் என்று ஒரு வசதி வைத்தார்கள். தகவல் முதலில் கீழ் 640-க்குள் இறங்கும், அங்கிருந்து சிப் எடுத்து மேலே கொண்டுபோகும். சற்று மெதுவாகும், ஆனால் கோப்பு பிழைக்கும்.

பயாஸ் செட்டப்பிலும் ஒரு பொறி. ரோம் சிப்புகள் மெதுவானவை என்பதால் அவற்றின் நகலை ராமில் வைத்து அதே முகவரியில் காட்டும் ஷேடோ என்ற வசதி இருந்தது. சி800 முதல் துண்டு துண்டாக ஆன், ஆஃப் செய்யலாம். வேகம் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டால், நெட்வொர்க் கார்டின் ராம் இருக்கும் இடமும் நகலுக்கு அடியில் போய்விடும். அதன்மேல் எழுதவும் முடியாது. இங்கே இஎம்எம்386-இல் எத்தனை இடம் விலக்கினாலும் பயனில்லை, ஏனெனில் மறைத்தது அதற்கும் கீழே உள்ள மதர்போர்டு.

பதிவேடு என்று ஒன்று கடைசியில் வந்தது பிசிஐ என்ற புதுவகைக் கார்டுகளோடுதான். ஒவ்வொரு பிசிஐ கார்டிலும் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லும் சில பதிவகங்கள் உண்டு. பயாஸ் அதில் எல்லா பிட்டையும் ஒன்றாக எழுதித் திரும்பப் படிக்கும். எவை ஒட்டாமல் சுழியாகவே நிற்கின்றன என்பதிலிருந்து அளவு தெரிந்துவிடும். பிறகு இடத்தைத் தானே ஒதுக்கி, முகவரியை அதே பதிவகத்தில் எழுதிவைக்கும். புது முகவரிகள் 4 ஜிபியின் உச்சிப் பக்கம் போயின. 32 பிட் மெஷின்களில் 4 ஜிபி ராம் போட்டும் மூன்றேகால்தான் தெரிகிறது என்று ஆட்கள் புலம்பியது அந்த ஒதுக்கீட்டால்தான். 1995-இல் விண்டோஸ் 95 வந்தபின் முகவரித் தகராறு டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறியாகச் சுருங்கிப்போனது.

ராம் எங்கே இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று பயாஸ் தானே பட்டியல் கொடுக்கும் வழக்கமும் வந்தது. கேட்கும் கட்டளையின் எண்ணையே வைத்து அதை இ820 என்கிறார்கள். பழைய பயாஸ் உள்ள மெஷினில் லினக்ஸ் கிளம்பும்போது முதல் சில வரிகளில் அதைப் பார்க்கலாம்: 0 முதல் 9எஃப்பிஎஃப்எஃப் வரை உபயோகிக்கலாம், 9எஃப்சி00 முதல் 9எஃப்எஃப்எஃப்எஃப் வரை 1 கேபி ஒதுக்கியது, எஃப்0000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் வரை ஒதுக்கியது. இடையில் உள்ள ஏ0000 முதல் இஎஃப்எஃப்எஃப்எஃப் வரை பல மெஷின்களின் பட்டியலில் பேச்சே இருக்காது. பதிவேடு வந்த பிறகும் நம் நாயகனின் பெரும்பகுதி பதிவேட்டில் இல்லை. லினக்ஸில் ஒழுங்கான டிரைவர் எதுவும் ஒரு முகவரியைத் தொடுமுன், இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் அந்த இடத்தைக் கேட்டு வாங்கும். வேறொருவர் வைத்திருந்தால் கிடையாது என்று பதில் வரும். யாரிடம் எது இருக்கிறது என்பதைப் பிராக் கோப்பகத்தில் ஐஓமெம் என்ற கோப்பில் படிக்கலாம். பிசிஐ கார்டு ஒதுக்கீட்டில் மோதினால் எந்தக் கார்டு, எந்த முகவரி, எதனோடு மோதுகிறது என்று மூன்றையும் லாக் சொல்லிவிடுகிறது. எக்ஸ்= என்று பாதி பாதியாகத் தேடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும்.

பிறகு நடந்ததை 1981-இல் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆக்கிரமிப்பு எதிர்த்திசையில் நகர்ந்தது. 2008-இல் லினக்ஸ்காரர்கள் ஒரு விசித்திரமான கோளாறைத் துரத்தினார்கள். ஸ்லீப்புக்குப் போய் விழித்த சில மெஷின்களில் கர்னலின் அட்டவணைகள் சிதைந்திருந்தன. பார்த்தால் பயாஸ், நினைவகத்தின் அடிப்பகுதியில் ஓர் இடத்தில், தன் இஷ்டத்துக்கு எழுதியிருந்தது. உபயோகிக்கலாம் என்று தானே பட்டியலில் கொடுத்த இடத்தில்! நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அடிப்பகுதியை யாராவது தொட்டார்களா என்று சோதிக்கும் நிரல் ஒன்றைக் கர்னலில் சேர்த்தார்கள். அடி 64 கேபியை ஒதுக்கும் வழக்கம் வந்தது. இன்டெல்லின் சேண்டி பிரிட்ஜ் வரிசை கிராஃபிக்ஸில் வேறொரு சிக்கல் வந்ததால் அந்த மெஷின்களில் முதல் மெகாபைட் முழுவதையுமே விலக்கினார்கள்.

எந்த மெஷினில் எத்தனை கேபி என்று விதிவிலக்குகளை அடுக்கிக்கொண்டே போவது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 2021 ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 5.13-இல் பேச்சை முடித்தார்கள்: எந்த மெஷினாக இருந்தாலும் முதல் 1 மெகாபைட் முழுக்க ஒதுக்கியது. அதையடுத்து, எவ்வளவு ஒதுக்குவது என்று பயனர் சொல்ல வழி செய்த ரிசர்வ்லோ என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். நிரல்களுக்கென்று விட்ட 640 கேபி, மேலே இருந்த 384-ஓடு சேர்ந்து 1024 கேபி புறம்போக்கானது. அதற்குள் கர்னல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்டு. முதல் கோரைத் தவிர மற்ற கோர்கள் அனைத்தும் இன்றும் 8086 போலவே எழுகின்றன; ஒரு மெகாபைட்டுக்கு மேலே உள்ள முகவரியில் அவற்றால் தொடங்க முடியாது. எனவே அவற்றை எழுப்பும் நிரலை அங்கே வைத்துவிட்டு, அதன் பிறகுதான் மிச்சத்தைப் பூட்டுகிறார்கள்.